பகிடியும் சான்றும்: நண்பர் வட்டத்துச் சதிக்கதைகள் பற்றி ஒரு நோக்கு

நண்பர் சிலர் கூடியிருந்து பேசும் பேச்சு இலக்கியத் திறனாய்வாளரின் கவனத்தைப் பெரிதும் பெற்றதில்லை. கவிதைக்கும் கதைக்கும் உள்ள வடிவ ஒழுங்கு அதற்கு இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின், விளையாட்டுக் குழுக்களைப் பற்றியும் பாடகர்களைப் பற்றியும், உலகை மறைவில் நின்று ஆட்டுவிப்போரைப் பற்றியும் இளைஞர் தம்முட் பேசிக்கொள்ளும் பகிடியைச் சற்றுக் கூர்ந்து நோக்கின், அதற்கும் திட்டமான விதிகள் உண்டென்பது புலனாகும். ஒருவர் நம்பத்தகாத ஒன்றைக் கூறுவார். அடுத்தவர் அதனை மறுக்கமாட்டார்; அதற்கொரு சான்றைச் சேர்ப்பார். மூன்றாமவர் அச்சான்றினும் நுண்ணியதொரு சான்றைக் கொணர்வார். கூறப்படுவது பொய் என்பதை அனைவரும் அறிவர். எனினும் அதனை வாய்விட்டுச் சொல்பவர் ஆட்டத்திற் தோற்றவராவர்.

தொல்காப்பியர் செய்யுளியலில் உரையின் வகைகளை எண்ணுமிடத்து, பொருளோடு தொடர்பற்ற பொய்ம்மொழியையும் பொருளோடு தொடர்புற்ற நகைமொழியையும் வெவ்வேறாக வைத்துள்ளார். நண்பரின் பகிடி இவ்விரண்டின் எல்லையில் நிற்பது. சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பொய்ம்மொழி. கேட்போரையும் சேர்த்துக்கொண்டால் நகைமொழி. அதாவது, பொய்யை நகையாக்குவது அவ்வட்டத்தினர் தமக்குள் கொண்டுள்ள பொது அறிவேயாகும். அங்ஙனமாயின், அவ்வட்டத்தை விட்டு அப்பேச்சு வெளியேறும்போது நிகழ்வது யாது? சொற்கள் செல்லும், சான்றுகளும் செல்லும், அவற்றைப் பகிடியாக வைத்திருந்த அறிவு மட்டும் பின்தங்கிவிடும். பொப்பிசை, விளையாட்டு, இணையம் ஆகிய மூன்று துறைகளிலும் அறியப்பெற்ற சில நிகழ்ச்சிகளையும், இப்பொருளையே கருவாகக் கொண்ட ஒரு நாவலையும் துணைக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோக்கத்தக்கது 1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பரவிய போல் மக்கார்ட்னி பற்றிய கதை. அவ்வாண்டு செப்ரெம்பர் 17ஆந் திகதி, ஐயோவா மாநிலத்திலுள்ள டிறேக் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை, பீற்றில்ஸ் குழுவைச் சேர்ந்த மக்கார்ட்னி இறந்துவிட்டாரா என வினவும் கட்டுரையொன்றை வெளியிட்டது. மாணவரிடையே அப்போது உலாவிய பேச்சே அதில் எழுத்துருப் பெற்றிருந்தது. ஒக்ரோபர் 12ஆந் திகதி டெற்றோயிற் பகுதி வானொலி நிலையமொன்றின் நிகழ்ச்சி நடத்துநரான ரஸ் கிப்புடன் தொலைபேசியிற் பேசிய இளைஞர் ஒருவர், ‘ரெவலூஷன் 9’ என்னும் இசைத்தட்டுப் பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டுக் கேட்குமாறு கூறினார். கேட்டவர்கள் அதில் மரணச் செய்தியொன்று ஒலிப்பதாக உணர்ந்தனர். இரு நாட்களின் பின், ஒக்ரோபர் 14ஆந் திகதி, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளேடான ‘மிச்சிகன் டெய்லி’யில் பிரெட் லாபூர் என்னும் மாணவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மக்கார்ட்னி 1966 நவம்பரில் வாகன விபத்தொன்றில் இறந்தார். அவரைப் போன்ற தோற்றமுடைய வேறொருவர் அவரிடத்தில் அமர்த்தப்பட்டார். குழுவினர் அவ்வுண்மையைத் தம் இசைத்தட்டு உறைகளிலும் பாடல்களிலும் குறிப்பாக உணர்த்தி வருகின்றனர் என்பது அதன் சாரம். மாற்றாளுக்கு வில்லியம் கம்பெல் என்று ஒரு பெயரும் கட்டுரையிற் சூட்டப்பட்டிருந்தது.

இக்கட்டுரை யாது நோக்கில் எழுதப்பட்டது என்பதே திறனாய்வு மாணவர் மனங்கொள்ள வேண்டியது. லாபூர் எழுதவேண்டியிருந்தது ‘அபே றோட்’ என்னும் புதிய இசைத்தட்டுக்கான மதிப்புரை. வழமையான மதிப்புரைக்குப் பதிலாக அவர் பகிடியொன்றைப் புனைந்தார். அதாவது, இருபதாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற சதிக்கதைகளுள் ஒன்று திறனாய்வுக் கட்டுரையின் வடிவிலேயே உலகெங்கும் சென்றது. மறைபொருள் தேடல், குறியீட்டை விளக்கல், உறுப்புக்களைத் தொகுத்து முழுமையொன்றைக் காட்டல் எனத் திறனாய்வு வகுப்புக்களிற் கற்பிக்கப்படும் முறைகள் யாவும் அதிற் கையாளப்பட்டிருந்தன. எள்ளிநகையாட எடுத்த கருவி எள்ளப்பட்ட கருவியைப் போன்றே கூர்மையாக இருந்தமைதான் அக்கட்டுரையின் வெற்றியும் அதன் ஆபத்துமாகும்.

அச்சான்றுகளின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ‘அபே றோட்’ உறையில் நால்வர் வீதியைக் கடக்கின்றனர். வெள்ளையுடை அணிந்த லெனன் மதகுரு எனப்பட்டார். கறுப்புடை அணிந்த ஸ்ரார் ஈமக்கிரியைகளை ஒழுங்குசெய்பவர். டெனிம் அணிந்த ஹரிசன் குழிவெட்டுபவர். வெறுங்காலுடன் நடக்கும் மக்கார்ட்னியே பிணம். 1969 ஓகஸ்ற் 8ஆந் திகதி அவ்வீதியில் எடுக்கப்பட்ட ஆறு படங்களுட் சிலவற்றில் மக்கார்ட்னியின் காலிற் செருப்பு உண்டு என்பது கருதப்படவில்லை. பின்புலத்தில் நிற்கும் வொக்ஸ்வாகன் வாகனத்தின் இலக்கத் தகட்டில் 28 என்னும் எண்ணும், அதையடுத்து ஆங்கிலத்தில் ‘இருந்தால்’ எனப் பொருள்படும் நிபந்தனைச் சொல்லும் காணப்படுவதாகக் கூறப்பட்டது. உயிரோடிருந்தால் அவருக்கு வயது 28 என்பது அதன் விளக்கம். உண்மையில் அவ்விடத்தில் உள்ளது 281 என்னும் எண்ணும் ஓர் எழுத்துமே. எண்ணாகிய ஒன்று எழுத்தாகப் படிக்கப்பட்டது. மேலும், 1942 யூன் 18ஆந் திகதி பிறந்த மக்கார்ட்னிக்கு அப்போது வயது 27. இம்முரண்பாடு சுட்டிக்காட்டப்பட்டபோது கதை தளரவில்லை; கருவுற்ற நாள் தொட்டு வயதைக் கணக்கிடும் கீழைத்தேய வழக்கம் ஒன்று விளக்கமாக முன்வைக்கப்பட்டது. ‘வால்ரஸ்’ என்னும் கடல்விலங்கின் பெயருக்குக் கிரேக்க மொழியிற் பிணம் என்று பொருள் எனவும் சொல்லப்பட்டது. அம்மொழியில் அப்படியொரு பொருள் இல்லை. அகராதியைப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆயினும் நல்ல சான்று என்பது இவ்வகைப் பேச்சிற் சரிபார்க்கப்படுவதற்காகச் சொல்லப்படுவதன்று. அடுத்த சான்றைத் தூண்டுவதற்காகச் சொல்லப்படுவது.

நண்பர் வட்டத்துள் இப்பண்பு குற்றமாகாது. அங்கு சான்றின் மதிப்பு அதன் மெய்ம்மையில் இல்லை. அதனைக் கண்டெடுத்தவரின் சாதுரியத்தில் உள்ளது. பிழையான சான்று மேலும் சிரிப்பூட்டுமாதலால் அது கூடுதலாகவே வரவேற்கப்படும். ஆயின் கட்டுரை பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்தபோது வாசகர் மாறினர். மதிப்புரை செய்தியாயிற்று, செய்தி வானொலியிற் புலனாய்வாயிற்று, நவம்பர் மாதத்தில் அது தொலைக்காட்சியில் வழக்குமன்றமாகவும் ஆயிற்று. புகழ்பெற்ற வழக்கறிஞரான எவ். லீ பெய்லி நடத்திய அந்நிகழ்ச்சியிற் சாட்சியாக அழைக்கப்பட்ட லாபூர், கூறியவை தான் புனைந்தவையே என்று முன்கூட்டியே அவரிடம் தெரிவித்தார். நிகழ்ச்சியை நடத்தியாக வேண்டுமென்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழியாக இருந்தது. பகிடியைத் தொடங்கியவர் அதனைப் பகிடியென்று கூறியும் நிறுத்த முடியாத நிலை இங்கு தோன்றுவதைக் காணலாம். நேர உரிமை வாங்கி, விளம்பரம் பெற்று, நிகழ்ச்சி நடத்தும் நிறுவனத்துக்கு ஐயமே விற்பனைப் பொருள். ஐயம் தீர்வதால் அதற்கு ஆதாயம் இல்லை. நவம்பர் 7ஆந் திகதியிட்ட ‘லைவ்’ சஞ்சிகை ஸ்கொத்லாந்திலுள்ள பண்ணையில் மக்கார்ட்னியைக் குடும்பத்தோடு கண்டு அட்டைப்படத்துடன் செய்தி வெளியிட்ட பின்னரே பரபரப்புத் தணிந்தது. 1993இல் மக்கார்ட்னி தாமே அதே வீதியைக் கடக்கும் தோற்றத்தோடு, தாம் உயிரோடிருப்பதைக் கூறும் தலைப்பில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டு அக்கதையை மீண்டும் பகிடியாக்கினார்.

இக்கதை ஏன் 1969இல் வேரூன்றியது என்ற வினாவுக்குச் சமூகப் பின்னணியிலும் விடை தேடல் வேண்டும். 1963இல் ஜனாதிபதி கெனடி கொல்லப்பட்டதும், 1964இல் வெளிவந்த வோறன் ஆணைக்குழு அறிக்கை பலருக்கு நிறைவளிக்காமற் போனதும், வியற்நாம் போர் பற்றி அரசாங்கம் கூறியவற்றுக்கும் மக்கள் தொலைக்காட்சியிற் கண்டவற்றுக்கும் இடையே இருந்த வேறுபாடும், அதிகாரபூர்வமான சொல்லில் நம்பிக்கையைக் குலைத்திருந்தன. அரசாங்கம் பொய் கூறுமாயின் இசைத்தட்டு நிறுவனம் ஏன் கூறாது என எண்ணுவது அத்தலைமுறைக்கு அரிதன்று. அமெரிக்க அரசியலிற் சதி காணும் மனப்பாங்கு நெடுங்காலத்தது என்பதை வரலாற்றாசிரியர் றிச்சட் ஹொவ்ஸ்ராற்றர் 1964இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டியிருந்தார். அவர் நோக்கியது அரசியல் தீவிரவாதத்தை. ஐந்து ஆண்டுகளின் பின் அதே மனப்பாங்கு இசை இரசிகரின் விடுதி அறைகளில் விளையாட்டு வடிவில் வெளிப்பட்டது.

பொப்பிசையிற் காணப்பட்ட இவ்வியல்பு விளையாட்டு இரசனையிற் பிறிதொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கு சதிக்கதையின் தோற்றுவாய் பெரும்பாலும் தோல்வியே. 1985 மே 12ஆந் திகதி நியூயோர்க் நகரில், அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் முதலுரிமைக்காக ஏழு அணிகளிடையே சீட்டுக் குலுக்கல் நடத்தியது. ஏழு கடிதவுறைகள் ஓர் உருளையிலிடப்பட்டன. உறையை எடுத்தவர் சங்கத்தின் ஆணையாளர் டேவிட் ஸ்ரேண். முதலிடம் நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு வாய்த்தது; பற்றிக் யூயிங் என்னும் பெருவீரர் அவ்வணிக்குக் கிடைத்தார். பெருநகரத்து அணி வலுப்பெற்றால் சங்கத்துக்கு வருவாய் பெருகும் என்பது வெளிப்படை. ஆதலின், அவ்வுறை முன்கூட்டியே குளிரூட்டப்பட்டிருந்தது, தொட்டறிந்து எடுக்கப்பட்டது என்றொரு கதை எழுந்தது. வேறு சிலர் உறையின் மூலை மடிக்கப்பட்டிருந்தது என்றனர். ஒன்றுக்கொன்று தேவையற்ற இவ்விரு விளக்கங்களும் ஒருங்கே வழங்கி வருவதே இவை பகிடி மரபைச் சார்ந்தவை என்பதற்குச் சான்றாகும். வழக்கறிஞருக்கு ஒரு வழியே வேண்டும். பகிடிக்காரருக்கு எத்தனை வழிகளும் இனியவை.

இக்கதையின் உள்ளே ஒரு முரண் உண்டு. குலுக்கலைத் தம் விருப்பப்படி முடிக்க வல்லவர்கள் எனப்பட்டோர், யூயிங் நிக்ஸ் அணிக்கு ஆடிய 15 பருவங்களுள் ஒன்றிலேனும் அவ்வணிக்குச் சம்பியன் பட்டத்தை வழங்கவில்லை. 1994இலும் 1999இலும் இறுதிச்சுற்று வரை வந்தும் அது தோற்றது. கார்ல் பொப்பர் 1945இல் வெளியான நூலில், சமூக நிகழ்ச்சிகள் யாவும் சிலரது திட்டத்தின் விளைவே எனக் கொள்ளும் கோட்பாட்டை மறுத்தார். சதிகள் நிகழ்வதுண்டு, ஆயின் அவை கருதிய பயனை அரிதாகவே தருகின்றன என்பது அவர் கூற்று. நிக்ஸ் அணியின் வரலாறு இதற்கு நல்லதோர் உதாரணமாகலாம். எதிரணி இரசிகரும் இதனை அறியாதவரல்லர். நிக்ஸ் இரசிகரான நண்பரைச் சீண்டுவதற்கு அக்குளிர்ந்த உறை பயன்படுவதுபோல், ஏமாற்றியும் வெல்லமாட்டாத அணியென மேலும் சீண்டுவதற்கு இம்முரணும் பயன்படுகிறது. தோற்றவர் தம் துயரை ஆற்றிக்கொள்ளவும், வென்றவரின் பெருமையைச் சிறிது குறைக்கவும், அடுத்த ஆட்டம் வரை நட்பு முறியாதிருக்கவும் இப்பேச்சு உதவுகிறது.

இதே பேச்சு அதிகாரமுடையவரின் வாயிலிருந்து வரும்போது அதன் தன்மை முற்றிலும் மாறும். இதற்குச் சான்று தேட இலங்கையை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. 2011 ஏப்பிரல் 2ஆந் திகதி மும்பையில் நடைபெற்ற உலகக்கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப்போட்டியில் இலங்கை 6 விக்கெற்றுக்களுக்கு 274 ஓட்டங்களைப் பெற்றும் இந்தியாவிடம் தோற்றது. மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் பெற்றார். நாணயச் சுழற்சி இருமுறை நடந்ததும், அரையிறுதியில் ஆடிய அணியில் நான்கு மாற்றங்கள் செய்யப்பட்டதும் இரசிகரின் பேச்சுக்கு இரையாயின. மைதானத்தின் ஆரவாரத்தில் சங்கக்காரவின் அழைப்பு மத்தியஸ்தருக்குக் கேட்கவில்லை என்பதும், மத்தியூஸ் காயமுற்றிருந்தார் என்பதும் யாவரும் அறிந்த காரணங்கள். தேநீர்க்கடையிலும் பேருந்திலும் தோல்வியின் கசப்போடு பேசப்பட்டவரை அப்பேச்சு எவரையும் வருத்தவில்லை.

2020 யூன் மாதத்தில், போட்டி நடந்த காலத்தில் விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்தவர், அவ்விறுதிப்போட்டி விற்கப்பட்டதெனப் பகிரங்கமாகக் கூறினார். பொலிஸ் விசாரணை தொடங்கிற்று. அப்போதைய தெரிவுக்குழுத் தலைவர் அரவிந்த டி சில்வாவும், ஆரம்பத் துடுப்பாட்டவீரர் உபுல் தரங்கவும் விசாரிக்கப்பட்டனர். அணித்தலைவராயிருந்த குமார் சங்கக்கார ஏறத்தாழ பத்து மணிநேரம் வாக்குமூலம் அளித்தார். யூலை 3ஆந் திகதி, சான்று இல்லையென விசாரணை முடிவுறுத்தப்பட்டது. இரசிகரின் ஆற்றாமைப் பேச்சுக்கும் அமைச்சர் பதவி வகித்தவரின் கூற்றுக்கும் சொல்லளவில் வேறுபாடு மிகச் சிறிதே. கேட்போர் அதனை எவ்வாறு கொள்ளக் கடமைப்பட்டுள்ளனர் என்பதில் வேறுபாடு பெரிது. நண்பர் கூறின் சிரிக்கலாம். முன்னாள் அமைச்சர் கூறின் விசாரித்தேயாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளின் பின் மனிதர் சிலர் தம் நேர்மையை மீண்டும் நிறுவவேண்டிய நிலைக்கு உள்ளானமையே அதன் விலை.

இங்கு ஓர் எதிர்வாதம் எழுதல் இயல்பு. விளையாட்டிற் சூதே நடப்பதில்லையா? நடப்பதுண்டு. 1919ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்போல் இறுதித்தொடர் விற்கப்பட்டமைக்காக எட்டு வீரர்கள் ஆயுட்காலத் தடைக்கு உள்ளாயினர். 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் டெல்லிப் பொலிஸார் வெளியிட்ட தொலைபேசி உரையாடல்களைத் தென்னாபிரிக்க அணித்தலைவர் ஹன்சி குரொன்ஜே முதலில் மறுத்தார். பின்னர் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டார். ஆகவே ஐயுறுவோர் அனைவரையும் அறிவிலிகளென ஒதுக்குவது திறனாய்வாகாது. வேறுபாடு ஐயத்தின் வடிவத்தில் உள்ளது. குரொன்ஜே விடயத்தில் இன்னார், இன்ன நாளில், இன்னாருடன் பேசினார் என்ற கூற்று இருந்தது. பதிவு போலியென நிறுவப்பட்டிருப்பின் அக்கூற்று வீழ்ந்திருக்கும். குளிர்ந்த உறையை வீழ்த்தக்கூடிய செய்தி எதுவும் இல்லை. மறுப்புக் கூறினால் மறைக்கிறார் எனப்படும். மௌனம் சாதித்தால் ஒப்புக்கொண்டார் எனப்படும். எது கிடைத்தால் இக்கூற்றுப் பொய்யாகும் என வினவி, விடை இல்லையாயின், நம்முன் இருப்பது குற்றச்சாட்டன்று, ஒரு கதைவகை என அறிந்துகொள்ளலாம். கதையைக் கதையாகச் சுவைப்பதில் தீங்கில்லை. அதற்குக் குற்றச்சாட்டின் உரிமையை வழங்குவதே தீங்கு.

இணையத்தின் வருகை நண்பர் வட்டத்தின் எல்லையையே ஐயத்துக்குரியதாக்கியது. எனினும் அங்கும் பகிடி பகிடியாகவே காக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜேர்மனியிலுள்ள பீலபெல்ட் நகரம் உண்மையில் இல்லை என்னும் கதையே அது. 1993இல் மாணவர் விருந்தொன்றில், அந்நகரிலிருந்து வந்தவரைக் கண்ட ஒருவர் வியப்புற்று, ஜேர்மன் மொழியில் ‘இப்படியும் உண்டா’ என்ற கருத்தில் வழங்கும் தொடரைக் கூறினார். அத்தொடரைச் சொல்லுக்குச் சொல் கொள்ளின் ‘அது இல்லவே இல்லை’ என்று பொருள்படும். இச்சிலேடையிலிருந்து வளர்ந்த கதையைக் கீல் நகரத்துக் கணினி மாணவர் ஒருவர் 1994 மே 16ஆந் திகதி கணினி வலையமைப்பில் எழுதி வெளியிட்டார். பீலபெல்டைச் சேர்ந்த எவரையேனும் அறிவீரா? அங்கு சென்றதுண்டா? சென்றவரையேனும் அறிவீரா? இம்மூன்று வினாக்களுக்கும் இல்லையென்றால் நகரம் இல்லை. ஆமென்று ஒருவர் கூறினால் அவரும் சதியில் உடந்தை. மறுப்பையே சான்றாக்கும் தருக்கம் இங்கு ஒளிவுமறைவின்றி நகைப்புக்குரியதாக்கப்படுகிறது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதும், 1969இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தை உடையதுமான நகரம் அது. 2012இல் சான்சலர் அங்கெலா மேர்க்கெல், அந்நகருக்குத் தாம் சென்றதைக் குறிப்பிட்டபோது இப்பகிடியையும் சேர்த்துக்கொண்டார். 2019 ஓகஸ்ற் மாதத்தில், நகரம் இல்லையென நிறுவுவோருக்கு 10 இலட்சம் யூரோ வழங்குவதாக நகர நிருவாகமே அறிவித்தது. எவரும் அதைப் பெறவில்லை.

பீலபெல்ட் கதை தீமை பயவாதிருந்தமைக்கு இரு காரணங்கள் கூறலாம். இலக்காயிருந்தது ஒரு நகரம். எந்தவொரு மனிதர் மீதும் பழி சுமத்தப்படவில்லை. மேலும், இலக்கான நகரமே பகிடியில் இணைந்துகொண்டு வட்டத்தை விரிவாக்கிற்று. இவ்விரண்டும் இல்லாதவிடத்து விளைவது யாதென்பதை 2016ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தற் காலத்தில் ஹிலரி கிளின்ரனின் பிரசாரக் குழுத் தலைவருடைய மின்னஞ்சல்கள் வெளியாயின. பெயரிலிகள் கூடும் இணையப் பலகைகளில், அவற்றிலிருந்த உணவுப் பெயர்களைச் சிலர் இரகசியக் குறிச்சொற்களாகப் படிக்கத் தொடங்கினர். இசைத்தட்டு உறையைப் படித்த அதே முறை இங்கும் கையாளப்பட்டது. ஆயின் இம்முறை முடிவு, வாஷிங்ரன் நகரத்துப் பீற்சா உணவகம் ஒன்றின் நிலவறையிற் சிறுவர் அடைத்துவைக்கப்பட்டுள்ளனர் என்பதாக அமைந்தது. டிசெம்பர் 4ஆந் திகதி துப்பாக்கியுடன் அங்கு சென்று சுட்டவர், சிறுவரை மீட்கவே வந்ததாகக் கூறினார். எவரும் காயமுறவில்லை. அக்கட்டடத்தில் நிலவறையே இருக்கவில்லை. அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்பலகைகளில் எழுதியோருட் சிரித்துக்கொண்டு எழுதியவர் எத்தனைபேர், நம்பி எழுதியவர் எத்தனைபேர் என்பதை வாசிப்பவர் அறிய வழியில்லை. முகமும் குரலும் இல்லாதவிடத்து இருவகையினரின் வாக்கியங்களும் ஒரே வகையினவே.

நண்பரின் விளையாட்டுப் பேச்சு சதியாக உருக்கொள்ளும் இந்நிலையை இணையம் பரவுவதற்கு முன்னரே இலக்கியமாக்கியவர் இத்தாலியரான உம்பேர்த்தோ எக்கோ. 1988இல் வெளிவந்த ‘பூக்கோவின் ஊசல்’ என்னும் நாவலில், மிலான் நகரத்துப் பதிப்பகத்திற் பணிபுரியும் காசோபன், பெல்போ, டியோத்தலேவி என்னும் மூன்று நண்பர்கள், நாள்தோறும் தம்மிடம் வந்துசேரும் இரகசியச் சங்கங்கள் பற்றிய கையெழுத்துப் பிரதிகளால் அலுப்புற்று, அவற்றையெல்லாம் விஞ்சும் ‘திட்டம்’ ஒன்றைப் பொழுதுபோக்காகப் புனைகின்றனர். கணினியிற் செய்திகளைக் கலைத்து அடுக்கி, வரலாறு முழுவதையும் ஒரே சதியின் கிளைகளாக்குகின்றனர். அவர்களுடைய கேலியும் கிண்டலும் நிறைந்த உரையாடல்கள் நாவலின் சுவைமிக்க பகுதிகளாகும். இறுதியில், அத்திட்டத்தை மெய்யென நம்பிய கூட்டத்தினர் பெல்போவை ஊசலின் கயிற்றிலேயே தூக்கிலிடுகின்றனர்.

இந்நாவலை விளையாட்டின் மீதான தண்டனைக் கதையாகப் படிப்பது எளிது. நோயுற்று இறக்கும் டியோத்தலேவி, தாம் சொற்களைச் சிதைத்தமையாலேயே தன் உடலின் கலங்களும் சிதைந்தன எனக் கருதுவது அவ்வாசிப்புக்கு இடமளிக்கிறது. ஆசிரியர் இவ்விடத்தில் விளையாட்டின்மீது மிகையான கடுமை காட்டுகிறார் எனவும் கூறலாம். ஆயின் கதையின் நிகழ்ச்சிப்போக்கை நோக்கின், கேடு புனைந்தமையால் வரவில்லை. தான் விரும்பிய பெண்ணுடன் நெருக்கமாயிருந்த அலியே என்பவர்மீது கொண்ட பொறாமையால், அவரை விஞ்சும் நோக்கில், தன்னிடம் இரகசியம் உண்டென்று பெல்போ கூறிவிடுகிறார். நண்பர் மூவருக்குள் பகிடியாயிருந்தது அக்கணத்தில் வெளியே சென்று உடைமையாகவும் அதிகாரமாகவும் மாறுகிறது. நாவலின் உயிர்நிலை இதுவே. தோழமைக்காகப் புனையப்பட்ட பொய், மேலாண்மைக்காகக் கூறப்பட்டபோதே கொல்லும் ஆற்றலைப் பெறுகிறது.

நாவலிற் குறிப்பிடத்தக்க மற்றொரு பாத்திரம் காசோபனின் துணைவி லியா. நண்பர் மூவரும் உலகளாவிய சதியின் மூலச்சுவடியெனக் கொண்ட ஏட்டை அவள் எடுத்துப் படித்து, அது வைக்கோல், துணி, ரோசாப்பூ ஆகியவற்றைக் கொண்டுசேர்ப்பது பற்றிய வணிகரொருவரின் பட்டியல் எனக் காட்டுகிறாள். அவளும் ஏட்டை நுணுகியே படிக்கிறாள்; ஊரின் வரலாற்றையும் தேடுகிறாள். ஆயின் எளிய பொருள் போதுமானதா என்பதை முதலில் வினவுகிறாள். எக்கோ 1990இல் கேம்பிறிட்ஜில் ஆற்றிய விரிவுரைகளில், பனுவலுக்குப் பல விளக்கங்கள் பொருந்தலாம், எனினும் எல்லா விளக்கங்களும் பொருந்தா என வாதிட்டதை லியா முன்னரே நடைமுறையிற் செய்துகாட்டுகிறாள் எனலாம்.

குறியீடு தேடுவதும், ஆசிரியர் கூறாததைக் கூறியதாகக் கொள்வதும் கலைப்பீட மாணவரின் அன்றாடப் பயிற்சியாகும். லாபூரின் கட்டுரை அப்பயிற்சியைக் கேலி செய்தது. உலகம் அக்கேலியை மெய்யான பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. ஆதலின் சதிக்கதையை நம்புவோரைக் கல்லாதவரெனக் கருதித் திறனாய்வாளர் தூரத்தில் நின்று சிரிப்பதற்கு இடமில்லை. அவர்கள் கையாளுவது திறனாய்வாளரின் கருவியையே. நல்ல வாசிப்பை இனங்காண உதவுவது, பிழையென நிறுவப்பட அது இடங்கொடுக்கிறதா என்பதொன்றே. இலக்கத் தகட்டில் எண் ஒன்றை எழுத்தாகப் படித்தவர், சுட்டிக்காட்டப்பட்டதும் அதனைக் கைவிட்டிருப்பின் அது விளக்கமாக இருந்திருக்கும். வேறொரு வழக்கத்தைத் தேடி அதனைத் தாங்கிப் பிடித்தமையாலேயே அது சதிக்கதையாயிற்று.

பகிடியை ஒழிப்பது இதற்கு மருந்தாகாது. விளையாட்டிலே தோற்றவர்க்கும், அதிகாரத்தை நேரே எதிர்க்க வலியற்றவர்க்கும் அது ஓர் ஆறுதல்; நட்பைச் சோதித்து உறுதிப்படுத்தும் ஒரு முறையுமாகும். அதே வேளை, பிறர்மீது பழிசுமத்திவிட்டுப் பகிடிக்காகவே சொன்னதாக ஒதுங்கிக்கொள்வதும் ஏற்கத்தக்கதன்று. வட்டத்துள் இருப்பவர் எவரும் பாதிக்கப்படாதவாறு பேசப்படுவதே பகிடி. வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் பெயர் அதிற் குற்றவாளியாக நுழைந்த கணமே அதற்குச் சான்றுப் பொறுப்பு வந்துவிடுகிறது. அப்பொறுப்பை ஏற்க விரும்பாதவர், அது வாயிலைக் கடக்குமுன் அது பகிடியென்று சொல்லிவிடவேண்டும். ஆட்டத்திலே தோற்றவராக எண்ணப்படுவதே அதற்காக அவர் கொடுக்கவேண்டிய விலை. வேறு எவரும் கொடுக்க நேர்வதிலும் அது மிகச் சிறியது.